பாராசூட் படை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: குதிக்கும் வீரர் தாமே கயிற்றை இழுத்துப் பாராசூட்டை விரித்து, நினைத்த இடத்தில் இறங்குவார்.

உண்மை: படை மொத்தமாகக் குதிக்கும்போது ஒவ்வொருவரின் பாராசூட் உறையும் ஒரு நாடாவால் விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டப்பட்டிருக்கும். வீரர் வெளியே விழுந்ததும் நாடா இறுகி, பாராசூட் தானாக விரியும். சில நூறு மீட்டர் உயரம்தான். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கால் தரையில் படும். வட்டப் பாராசூட் பெரும்பாலும் காற்று போகும் பக்கமே போகும். அதனால் இறங்க வெட்டவெளி வேண்டும். ரப்பர்த் தோட்டமும் மலைச்சரிவுமான இடம் ஆகாது.

நம்பிக்கை: துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமே குதிப்பார்கள்.

உண்மை: பீரங்கிப் படையினர், பொறியாளர்கள், மருத்துவர்களும் குதிப்பார்கள். 1941 அக்டோபரில் கராச்சியில் முதன்முதலாகக் குதித்த இந்தியர் இருவரில் ஒருவர் மருத்துவர்: லெப்டினன்ட் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். கொரியப் போரில் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்கு அவரே தலைவர். 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க வண்டி கிடைக்காதபோது, அப்பிரிவினர் ஒரு நீராவி எஞ்சினுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பி, மருத்துவக் கருவிகளை ரயிலில் சியோலுக்குக் கொண்டுவந்தனர். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் படையோடு அப்பிரிவின் அறுவை சிகிச்சைக் குழுவும் குதித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

நம்பிக்கை: 1971 போரில் டாங்கைலில் 5,000 பேர் குதித்தனர்.

உண்மை: டிசம்பர் 11 அன்று குதித்தது 2வது பாராசூட் பட்டாலியன், ஏறத்தாழ 700 பேர். டாக்கா நோக்கிப் பின்வாங்கிய பாகிஸ்தான் படையை மறிக்கப் பூங்லி பாலத்தைப் பிடிப்பதே வேலை. முந்தைய பயிற்சி ஒன்றில் எடுத்த படத்தை இந்தியத் தரப்பு பத்திரிகைகளுக்குக் கொடுத்ததும், வெளிநாட்டுச் செய்திகளில் எண்ணிக்கை பெருகியது.

நம்பிக்கை: 1988இல் மாலத்தீவில் இந்திய வீரர்கள் வானிலிருந்து குதித்து ஆட்சியைக் காத்தனர்.

உண்மை: யாரும் குதிக்கவில்லை. கலகக்காரர்களோடு வந்த இலங்கையின் புளொட் இயக்கத்தினர் ஹுல்ஹுலே விமான நிலையத்தைக் கைப்பற்றவில்லை. நவம்பர் 3 இரவு ஆக்ராவிலிருந்து போன ஐ.எல்-76 விமானங்கள் அங்கேயே ஓடுபாதையில் இறங்கின.

நம்பிக்கை: வானிலிருந்து இறங்கினால் வெற்றி நிச்சயம்.

உண்மை: 1941இல் ஜெர்மனி கிரீட் தீவைப் பிடித்தது, ஆனால் இழப்பைக் கண்ட ஹிட்லர் அத்தகைய பெருந்தாக்குதல்களைக் கைவிட்டார். 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் இறங்கியபோது விடுதலைப் புலிகள் ஆயத்தமாக இருந்தனர். ஹெலிகாப்டர்கள் சுடப்பட்டதால் அடுத்த அணிகள் வரவில்லை. சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் இறந்தனர், ஒருவர் பிடிபட்டார். கையில் எடுத்துவந்த ஆயுதமே பலம் என்பதால், வானிலிருந்து இறங்கும் படை தரைவழி உதவி வரும்வரைதான் தாங்கும். டாங்கைலில் அது வந்து சேர்ந்தது. அந்த 30 பேருக்கு வரவில்லை.