டைகிரிஸ் கரையில் துருக்கியின் 18-ஆவது கோர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முதல் உலகப் போர் என்று பேச்செடுத்தால் நம்மூரில் எம்டன் கப்பல் வந்துவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அரை மணி நேரம்கூட நீடிக்காத சண்டை அது. தமிழ்ச் சிப்பாய்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய இன்னொரு எதிரியின் பெயர் அதனாலேயோ என்னவோ யாருக்கும் நினைவில் இல்லை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் இருந்த துருக்கியப் படை. அதன் முதுகெலும்பு 18-ஆவது கோர் என்ற பெரும் படைப்பிரிவு.

நம்பிக்கை: அங்கே போரிட்டவர்கள் பஞ்சாபியரும் கூர்க்காக்களும்தான்.

இதை விதைத்தவர்கள் ஆங்கிலேயர். 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியருக்குப் போர்க்குணம் போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டதில் அந்தப் பேச்சுக்குப் பெரும் பங்குண்டு. 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் அசையவில்லை. பாலம் கட்டவும் பாதை போடவும் கண்ணிவெடி வைக்கவும் தெரிந்தவர்களை எந்தத் தத்துவத்தைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது? ராணுவத்தில் இன்றைக்கும் ‘தம்பிகள்’ என்றே அழைக்கப்படும் அந்தப் படையின் 12, 13-ஆவது கம்பெனிகள், 14-ஆவது இந்திய டிவிஷனோடு டைகிரிஸ் கரையில் நின்றன.

நம்பிக்கை: துருக்கிப் படை ஒழுங்கற்ற கூட்டம், ஜெர்மானியர் வந்துதான் அதை உருப்படியாக்கினார்கள்.

ஜெர்மன் பயிற்சியாளர்கள் இருந்தது மெய்தான். ஆனால் அமைப்பு துருக்கியருடையது. 1910-ஐ ஒட்டிய சீர்திருத்தத்தில் அவர்கள் எல்லாவற்றையும் மூன்று மூன்றாக அடுக்கினார்கள். மூன்று பட்டாலியன் ஒரு ரெஜிமெண்ட், மூன்று ரெஜிமெண்ட் ஒரு டிவிஷன், மூன்று டிவிஷன் ஒரு கோர். அப்போது ஐரோப்பிய டிவிஷன்களில் பன்னிரண்டு பட்டாலியன்கள் இருந்தன. ஒன்பது போதும் என்று ஜெர்மனி முடிவுக்கு வந்தது போர் தொடங்கிய பிறகுதான். யார் யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு நேராக இல்லை.

டைகிரிஸ் கரை ஊரான குட்-அல்-அமாராவை ஜெர்மன் மார்ஷல் ஃபான் டெர் கோல்ட்ஸ் பிடித்தார் என்பது இதன் தொடர்ச்சி. அங்கே பிரிட்டிஷ்-இந்தியப் படை முற்றுகையில் இருந்த காலத்தில் துருக்கியின் 6-ஆவது ராணுவம் அவர் பொறுப்பில் இருந்தது உண்மை. ஆனால் 1916 ஏப்ரல் 19 அன்று அவர் பாக்தாத்தில் இறந்துபோனார். பிரிட்டிஷ் தளபதி டவுன்ஷெண்டின் கீழ் இருந்த சுமார் 13,000 பேர் சரணடைந்தது ஏப்ரல் 29-இல், அதுவும் துருக்கித் தளபதி ஹலீல் பாஷாவிடம். பின்னாளில் துருக்கியில் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவர் தேர்ந்தெடுத்தது ‘குட்’.

நம்பிக்கை: 1917-இல் குட் மீண்டும் விழுந்ததற்குத் துருக்கியரின் கோழைத்தனமே காரணம்.

எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 18-ஆவது கோரில் 45, 51, 52 ஆகிய மூன்று டிவிஷன்கள். கணக்குப்படி 27 பட்டாலியன். ஒன்றுக்கு ஆயிரம் பேர் என்றால் காலாட்படை மட்டுமே 27,000 வர வேண்டும். ஆனால் கோரின் தளபதி காஸிம் கராபெகிரின் கையில் எல்லாமாகச் சேர்த்தும் 20,000-ஐ எட்டாது. எதிரே பிரிட்டிஷ் தளபதி மௌட் வைத்திருந்தது சுமார் 50,000. துணைக்கு வந்திருக்க வேண்டிய 13-ஆவது கோர் எங்கே? துருக்கியின் போர் அமைச்சர் என்வர் பாஷாவின் ஆசைக்காகப் பாரசீகத்துக்குள் புகுந்து, 1916 ஆகஸ்டில் ஹமதானைப் பிடித்து, அங்கேயே தங்கியிருந்தது. இருந்த இரண்டு கோர்களில் ஒன்றை மலைக்கு அப்பால் அனுப்பியது தலைமையின் முடிவு; அகழியில் கிடந்த சிப்பாயின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

1917 பிப்ரவரி 23, விடிவதற்கு முன், குட்டுக்கு மேலே ஷும்ரான் வளைவில் 14-ஆவது டிவிஷன் ஆற்றில் இறங்கியது. டைகிரிஸில் வெள்ளம், அகலம் 300 கஜத்தை ஒட்டி. வைகை இரு கரையும் தொட்டு ஓடும் நாளில் மதுரை கோச்சடைக் கரையில் நின்று, எதிர்க்கரை முழுக்க இயந்திரத் துப்பாக்கிகள் இருப்பதாக நினைத்துக்கொண்டால் கொஞ்சம் பிடிபடும். துடுப்பு வலித்தவர்களில் சாப்பர்களும் இருந்தார்கள். துடுப்பு பிடித்தவன் திருப்பிச் சுட முடியாது. மூன்று இடங்களில் தொடங்கிய கடப்பில் இரண்டை இழப்பு தாங்காமல் நிறுத்த வேண்டியதாயிற்று. கரையேறிய கூர்க்காக்களை நடத்திய மேஜர் வீலருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. மாலைக்குள் ஆற்றின் மேல் பாலம் எழுந்துவிட்டது. கோழைகள் காத்த கரையைக் கடக்க இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிராது.

அதன்பின் 18-ஆவது கோர் சிதறவும் இல்லை. குட்டைக் காலி செய்து பின்வாங்கி, தியாலா ஆற்றங்கரையில் மறுபடி நின்று மௌட்டைச் சில நாள் நிறுத்திவைத்தது. பாக்தாத் விழுந்தது மார்ச் 11-இல். கராபெகிர் அடுத்த சில ஆண்டுகளில் துருக்கியின் கிழக்கு எல்லையில் புகழ்பெற்ற தளபதியானார்.

நம்பிக்கை: துருக்கியச் சிப்பாயைச் சென்னை மாகாணம் கண்ணால் கண்டதில்லை.

கண்டிருக்கிறது. பிடிபட்ட துருக்கியரை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்று பெல்லாரியில் இருந்தது. பெல்லாரி அப்போது நம் மாகாணத்து மாவட்டம். 1953-இல்தான் மைசூரோடு போனது.