மைசூர் தேவாலயத்துக்குப் போகுமுன் ஒரு சின்னப் பாடம்

நம் சங்கத்தின் பேருந்து அடுத்த மாதம் மறுபடியும் மைசூர் புறப்படுகிறது. விடியற்காலை 4 மணிக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஏறினால், நள்ளிரவுக்குள் வீடு திரும்பலாம். சென்ற முறை புனித பிலோமினா தேவாலயத்தில் நம் பிள்ளைகள் நின்றது பத்தே நிமிடம். ஒரு போட்டோ எடுத்தார்கள், உடனே, "மிருகக்காட்சி சாலை எப்போ தாத்தா?" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் நாம் சொல்லித் தரவில்லை. ரயில்வேயில் 36 ஆண்டுகள் பாலங்களோடு காலம் தள்ளியவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. 1843-இல் அங்கே ஒரு சிறிய ஆலயம் இருந்தது. பிறகு, மகாராஜாவின் செயலாளராக இருந்த தம்பு செட்டியார் 1926-இல் புனித பிலோமினாவின் திருப்பண்டத்தைப் பெற்றார். 1933 அக்டோபர் 28 அன்று நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இப்போதைய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். இந்து மன்னர் ஒருவர் நாட்டிய கல் அது. வரைபடம் தந்தவர் டேலி என்ற பிரெஞ்சுக்காரர். ஜெர்மனியின் கொலோன் தேவாலயம் அவருக்கு முன்மாதிரி. இரட்டைக் கோபுரங்கள் 175 அடி. கொலோன் கோபுரங்கள் 157 மீட்டர். அந்தக் கட்டடம் 1248-இல் தொடங்கி, நடுவில் முந்நூறு ஆண்டுக்கு அருகில் நின்றுபோய், 1880-இல்தான் முடிந்தது. அதே 1880-இல்தான் ஜான் டெய்லர் கம்பெனி நம் ஊரில் கால் வைத்தது.

இனிப் பாடம். வீட்டில் வழவழப்பான தரையில் இரண்டு கெட்டி அட்டை நோட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து, கூரை போல நிறுத்துங்கள். செங்குத்தாகச் சாய்த்தால் நிற்கும். சற்றுப் படுக்க வைத்தால் இரண்டின் அடியும் வெளிப்பக்கம் வழுக்கி ஓடிவிடும். பாரம் கீழே மட்டும் அழுத்தவில்லை, பக்கவாட்டிலும் உதைக்கிறது என்பதை இப்படிக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது இரண்டு அடிகளுக்கும் வெளியே ஒவ்வொரு காலி சாப்பாட்டு டப்பாவை முட்டுக் கொடுங்கள். டப்பாவையும் தள்ளிக்கொண்டு நோட்டு ஓடும். அந்த டப்பாவில் அரிசியை நிரப்பி வையுங்கள். நகராது.

கட்டட வளைவின் சூத்திரமும் இதுதான். பாரம் சீராகப் பரவியிருந்தால், அகலம் மாறாமல் உயரம் கூடக்கூட உதைப்பு குறையும். 20 அடி அகல வளைவின் உச்சியை 10 அடியிலிருந்து 15 அடிக்கு உயர்த்தினால், உதைப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடும். தேவாலயத்துக்குள் தூண்களை இணைக்கும் வளைவுகள் அரைவட்டமாக இல்லாமல் ஏன் கூர்மையாக மேலே எழும்புகின்றன என்று பிள்ளைகள் கேட்டால், நோட்டைக் காட்டுங்கள். இந்தப் பாணிக் கட்டடங்களில் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் முட்டுத்தூண்கள்தான் உங்கள் டப்பா. அவற்றின் உச்சியில் வைக்கும் சிறு கூம்புகள் அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அவை டப்பாவில் போட்ட அரிசி.

நம் தஞ்சைப் பெரிய கோயில் வேறு வழி. அங்கே கல்லின் மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கி, பாரத்தை நேரே கீழே இறக்கினார்கள். எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம்.

கணக்கு தப்பினால்? பிரான்சில் போவே என்ற ஊரில் 48 மீட்டர் உயரத்துக்கு ஆசைப்பட்டுக் கட்டினார்கள். 1284-இல் மேற்கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எங்கள் வேலையிலும் பழைய கல் வளைவுப் பாலத்தைச் சோதிக்கப் போனால், வளைவைப் பார்க்குமுன் இரு கரையிலும் அதைத் தாங்கும் சுவர்களைத்தான் முதலில் பார்ப்போம். சீனியர் ஒருவர் எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தந்தது அது.

ஆனால் பாரம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பாலத்தில் அல்ல, வீட்டில். என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கல் அடுக்கும் வேலை பார்த்தவர். தங்கக்கல்லை வெட்டி எடுத்த வெற்றிடத்தில் கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, மேலே இருக்கும் பாறையைத் தாங்க வைப்பார்கள். தேவாலயத்தின் பாரம் கட்டுகிறவன் கணக்குப் போட்டு ஏற்றிய பாரம். சுரங்கத்தில் பூமியே எல்லாப் பக்கமும் நெருக்கும். 3 கிலோமீட்டருக்கும் கீழே அந்த நெருக்கம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதை நம் ஊரில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மேலே நம் வீட்டுப் பாத்திரங்கள் குலுங்கும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். ஷிப்ட் முடிந்து அப்பாவின் தலை தெருமுனையில் தெரிகிற வரை பேச மாட்டாள்.

"மரம் முட்டுக் குடுத்தா, அது சத்தம் போட்டுட்டுதான் ஒடியும், கல்லு சொல்லாது" என்பார் அப்பா. வேலையைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர் அடுக்கிய சுவர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் வழியில்லை.

சென்ற பயணத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் எங்களோடு வந்தார். அவரும் கீழே வேலை பார்த்தவர். நான் கோபுரத்தைக் காட்டி 175 அடி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. தூணின் அடியில் உள்ளங்கையை வைத்து, "இதுக்குக் கீழ என்னா இருக்குது தம்பி?" என்று கேட்டார். பீடத்துக்கு அடியில் நிலவறை இருக்கிறது, புனிதையின் சுரூபம் அங்கேதான் என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். எல்லோரும் சுரூபத்தின் முன் கைகூப்பி நிற்க, அவர் மட்டும் அந்தத் தாழ்ந்த கூரையை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.