வாசலோடு திரும்பாதீர்கள்: காசநோய் உள்ள வீட்டுக்கு உறவாகப் போவது எப்படி?

இந்த மாதப் பாடத்தை நாங்கள் செய்த ஒரு தவறில் இருந்து தொடங்குகிறோம்.

கச்சிராயபாளையம் பக்கம் நம் குழு ஒன்றில் ஓர் உறுப்பினர். கரும்பு வெட்டப் போய் வந்த அவருடைய வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று தெரிந்தது. அதன்பின் அவர் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. நாங்களும் சேமிப்புப் பணத்தை வாசலில் நின்றே வாங்கி வந்தோம். "உள்ள வாங்கக்கா, ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்றார். "நேரமாச்சும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். மலையில் இருந்த நாத்தனாரும் வெள்ளிமலை பஸ்ஸில் வந்து, திண்ணையில் பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாராம். பிறகு ஒருநாள் அந்தத் தங்கச்சி எங்களிடம் சொன்னார்: "வியாதி கூடப் பரவாயில்லக்கா. நம்ம சனங்க தள்ளி நின்னதுதான் தாங்கல."

சகோதரிகளே, பயம் வருவது இயல்பு. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

சென்னையில் கண்ட உண்மை

அந்தக் காலத்தில் காசநோய் வந்தவரை வீட்டைவிட்டுப் பிரித்து, சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைப்பார்கள். தாம்பரம் பக்கம் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்றுதான் பெயர். ஓய்வும் நல்ல சாப்பாடும் இருந்தால்தான் குணமாகும் என்று நம்பினார்கள்.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தை வீட்டிலேயே கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான சின்ன வீடு, குறைந்த சாப்பாடு. ஆனாலும் ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் பெரும்பாலோர் குணமானார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் குடும்பத்தாரை 5 வருடம் கவனித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. 1959-ல் முதல் முடிவுகள் வெளிவந்தபின், உலகமே வீட்டு வைத்தியத்துக்கு மாறியது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? குணப்படுத்துவது மருந்து. ஒதுக்கி வைப்பது அல்ல.

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது?

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவும். தட்டு, டம்ளர், துணிமணி, பாய், கை தொடுதல் இவற்றால் பரவாது. சரியான மருந்தைத் தொடங்கி இரண்டு வாரம் போல ஆனால், பெரும்பாலோரிடம் இருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். உண்மையில் ஆபத்து அதிகம், நோய் இருப்பது தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் நாட்களில்தான். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பார்க்கப் போகும்போது

* கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றோட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். மருந்து தொடங்கிய புதிதில் இருமுபவர் வாயைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். கைக்குழந்தையை அப்போது அழைத்துப் போக வேண்டாம்.
* பிஸ்கட்டுக்குப் பதில் முட்டை, பருப்பு, நிலக்கடலை, கேழ்வரகு கொண்டு போங்கள். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1½ கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.
* "இப்படித்தான் எங்க சித்தப்பா போனாரு" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம்.
* "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்று கேளுங்கள். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுவார்கள். அப்போது நோய் திரும்பும், மருந்துக்கும் கட்டுப்படாமல் போகலாம்.
* சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.
* அந்த வீட்டு அம்மாவையும் கவனியுங்கள். ராத்திரி கண் விழிப்பது, கூலிக்குப் போவது, பிள்ளைகளைப் பார்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். ஒருநாள் அவர் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாலும் பெரிய உதவி.

குழு செய்ய வேண்டியது

சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் அரசு பணம் போடுகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். கணக்கு எண் கொடுத்தார்களா என்று கேட்டு உதவுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாக 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் வராமல் தடுக்கவும் மருந்து உண்டு. சந்தேகம் இருந்தால் 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். நகையை அடகு வைக்கும் முன் குழுவில் அவசரக் கடன் கேட்கச் சொல்லுங்கள்.

நாங்கள் பிறகு அந்த வீட்டுக்குப் போனோம். பாயில் உட்கார்ந்தோம். அந்தத் தங்கச்சி கொடுத்த தண்ணீரைக் குடித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரரும் 6 மாத மருந்தை முடித்துவிட்டார்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரில் நோயால் ஒதுங்கி இருக்கும் குடும்பம் எது? இந்த வாரம் யார் போய்ப் பார்ப்பது?
2. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் நம் வீட்டில் உண்டா?
3. மருந்து முடியும்வரை கூட இருந்து நினைவூட்டும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது?