முதலில் அட்டை, பிறகுதான் கேமரா

அன்புள்ள கண்ணு,

ஐந்து பாட்டையும் கேட்டேன். வீடியோவுக்கு மூன்றாவது பாட்டை நீ எடுத்துக்கொண்டது சரி. முடிச்சூர் வீட்டுக்குள் வெள்ளம் வந்த ராத்திரியைப் பாடும்போது உன் குரல் ஓரிடத்திலும் அழவில்லை. கேட்கிற எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஆனால் நீ அனுப்பிய திட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. ட்ரோனில் ஆரம்பம், பள்ளிக்கரணையில் சூரிய அஸ்தமனம், மின்சார ரயிலில் ஜன்னலோரம், செயற்கை மழையில் கிடார், கடைசியில் ஒரு மெழுகுவத்தி. ஆல்பம் அட்டையைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரே வரி: வீடியோவிலிருந்து ஒரு ஸ்டில்லை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று.

இதை அப்படியே தலைகீழாக்கு. முதலில் அட்டையை முடி. அட்டை முடிகிறவரை கேமராவை யாரிடமும் கேட்காதே.

நாலு நிமிட வீடியோவில் யோசனை இல்லாததை எளிதாக மறைத்துவிடலாம். வேகமாக வெட்டலாம், ஸ்லோ மோஷன் போடலாம், புகை விடலாம். எடிட்டிங் அறையில் நானே அப்படிப் பல பாட்டுகளை ஒப்பேற்றியிருக்கிறேன். சதுரமான ஒரு அட்டையில் அந்த வேலை நடக்காது. இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்பதற்கு ஒரே ஒரு படத்தால் பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் வீடியோவுக்கும் உன்னிடம் பதில் இல்லை என்று அர்த்தம்.

படத்திலிருந்து பாட்டுக்கு வந்தவர்களைப் பார். எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாயா அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, கொஞ்ச காலம் மெட்ராஸிலும் இருந்து, அகதியாக லண்டன் திரும்பியவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் அவர் படித்தது சங்கீதம் இல்லை, சினிமா. பாட வருவதற்கு முன்பே எலாஸ்டிகா என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் ‘தி மெனஸ்’ (2000) ஆல்பத்துக்கு அட்டை செய்து கொடுத்தார். அவர்களுக்கு ஒரு வீடியோவும் இயக்கினார். 2005இல் அவருடைய முதல் ஆல்பம் ‘அருளர்’ வந்தபோது, அதன் அட்டையில் அவர் முகத்தைச் சுற்றி டாங்கியும் துப்பாக்கியும் புலியுமாக இருந்தவை அவர் முன்பே ஸ்டென்சில் வெட்டித் தெளித்துப் பழகிய உருவங்கள். அப்பாவின் இயக்கப் பெயர் முதல் ஆல்பத்துக்கு. அம்மாவின் பெயர் கலா அடுத்ததற்கு. அந்த இரண்டாவது ஆல்பத்துக்கான உறுமிச் சத்தத்தைச் சென்னைக்கு வந்து பதிவு செய்தார். பாட்டு, அட்டை, வீடியோ மூன்றையும் மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்தக் காரம் வந்திருக்காது என்பது என் எண்ணம். அவருடைய அரசியலோடு நீ சண்டை போடலாம். அது வேறு விஷயம்.

உன் அட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில். 2015 டிசம்பர் முதல் வாரம், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்து, அடையாறு கரையைத் தாண்டி முடிச்சூருக்குள் வந்ததே, அந்தத் தண்ணீர் நின்ற கறையை உங்கப்பா இன்னும் வெள்ளையடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார். தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி. அன்றைக்கு அது உன் மூக்குக்கு மேல் இருந்தது. இன்றைக்கு உன் தோளுக்குக் கீழே. அந்தச் சுவரை நேருக்கு நேர் நின்று எடு. கோடு சரியாகச் சதுரத்தின் நடுவில் கிடையாகப் போகட்டும். மேலே மங்கிய மஞ்சள், கீழே காவி படிந்த பழுப்பு. இரண்டே நிறம். நீ அதில் நிற்க வேண்டாம். முதல் ஆல்பத்தில் முகம் வேண்டும் என்று நண்பர்கள் சொல்வார்கள். முகத்துக்கு வீடியோ இருக்கிறது.

முகமும் பெயரும் இல்லாத அட்டைகள் உயிரோடு இருக்கின்றன. ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்னோன் பிளஷர்ஸ்’ (1979) அட்டையில் இருப்பது ஒரு வானியல் களஞ்சியத்தில் அச்சான பல்சர் நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்பு. பீட்டர் சாவில் அதைக் கறுப்பில் வெள்ளைக் கோடாக மாற்றினார். முன்பக்கம் ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆனால் உன்னை யாருக்கும் தெரியாது, கண்ணு. பெயரைப் போடு.

எழுத்து விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவழி. கைப்பேசித் திரையில் உன் அட்டை ஒரு தபால்தலை அளவுதான். தமிழ் எழுத்து அந்த அளவுக்குச் சுருங்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. பிறகு ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகிவிடும். எழுத்துரு வேண்டுமென்றால் ‘கவிவனார்’, ‘கேட்டமரன்’, ‘மீரா இனிமை’ எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. காசு இல்லை, வழக்கும் வராது. என்னைக் கேட்டால் கணினியே வேண்டாம். தாம்பரத்தில் கட்சி விளம்பரமும் பள்ளிக்கூட விளம்பரமும் சுவரில் எழுதுகிற ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரைக் கூட்டி வந்து, கோட்டுக்கு மேலே ஆல்பத்தின் பெயரை அந்தச் சுவரிலேயே எழுதச் சொல். 1940இல் நியூயார்க்கில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் இசைத்தட்டுக்கு முதன்முதலாகப் படம் போட்ட அட்டை செய்தபோது கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். இம்பீரியல் தியேட்டர் முகப்பிலுள்ள விளக்குப் பலகையின் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் மாற்றி, ஆல்பத்தின் பெயரை வைத்துப் படமெடுத்தார். அதுவரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் பழுப்புத்தாள் உறையில்தான் விற்றன.

அளவு 3000×3000 பிக்சல், சதுரம். அட்டையிலுள்ள பெயரும் நீ பதிவேற்றும்போது தட்டச்சு செய்யும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். கைப்பேசி எண், இன்ஸ்டா முகவரி, விலை எதையும் அட்டையில் போடாதே, பாட்டுத் தளங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

இப்போது வீடியோ. அட்டையில் ஒரு கோடு கிடைத்துவிட்டதால் வீடியோவுக்கு ஒரு சட்டமும் கிடைத்துவிட்டது: கேமரா எப்போதும் தரையிலிருந்து நாலடி உயரத்தில்தான் இருக்கும். மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது, சாயாது. பக்கவாட்டில் திரும்பலாம். இதில் ஒரு வசதி உண்டு. கேமரா மட்டமாக இருந்தால், அதன் உயரத்தில் இருக்கும் எல்லாமே, பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், சட்டகத்தின் நடுக்கோட்டில்தான் விழும். ஆக, நீ காட்டுகிற ஒவ்வொரு தெருவிலும் அந்த வெள்ளக்கோடு கண்ணுக்குத் தெரியாமல் நடுவே ஓடும். அதைச் சொல்லிக் காட்டாதே. அட்டையைப் பார்த்தவனுக்குப் பாதியில் புரிந்தால் போதும்.

நாலடி உயரத்தில் தாம்பரம் வேறு ஊராகத் தெரியும். மேற்கே பேருந்து நிறுத்தத்தில் நின்று பார். பெரியவர்களின் முகம் இருக்காது. டிபன் பை பிடித்த கைகள், பூக்கூடை, பைக் கண்ணாடி, டீக்கடைக் கல்லா, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முழு முகம். ரயில்வே நடைமேம்பாலப் படிக்கட்டில் இறங்கி வருகிறவர்கள் முதலில் காலாக வந்து, பிறகு இடுப்பாக வந்து, அப்புறம் தலையாக நுழைவார்கள். கூட்டத்தில் நீ பாடிக்கொண்டே வந்தால் உன் முகத்துக்குக் கேமரா ஏறாததால், நீதான் உட்கார வேண்டும், குனிய வேண்டும். அந்தக் குனிவு நடிப்பில் வராது.

இப்படி ஒரே சட்டத்துக்குள் நின்றவர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். 1965இல் பாப் டிலன் லண்டனின் சவாய் ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நின்று வார்த்தை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். ஒரே ஷாட், அவ்வளவுதான். நம் ஊரில் 2017 பொங்கலுக்கு வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடலை’ப் பார்த்திருப்பாய். கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, டி.எம். கிருஷ்ணா ஆனந்தபைரவி, பேகடா போன்ற ராகங்களில் பாடினார். இயக்கம் ரதீந்திரன் பிரசாத். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் கொட்டும் இடத்துக்கே போய், முகமூடியோடு நிற்கிற பாடகரைக் காட்டினார்கள். சபா மேடையில் இதே பாட்டை எடுத்திருந்தால் யார் கவனித்திருப்பார்கள்? அந்த ஒரு பிம்பத்தை அப்படியே வெட்டி அட்டையாகப் போடலாம். உன் வீடியோவுக்கும் நான் வைக்கிற சோதனை அதுதான்.

கணக்குக்கு வருவோம். உன் பாட்டு நிமிடத்துக்கு 90 பீட், நாலுக்கு நாலு தாளம். ஒரு பார் 2.67 நொடி, நாலு நிமிடத்துக்கு 90 பார். பாருக்கு ஒரு வெட்டு என்று போனால் 90 ஷாட் வேண்டும். உன் கையிலிருக்கிற பணத்துக்கு அது நடக்காது, பாட்டும் அதைக் கேட்கவில்லை. எட்டு பாருக்கு ஒரு ஷாட் வை. ஏறக்குறைய 21 நொடி; மொத்தம் பதினொன்றோ பன்னிரண்டோ. நீளத்தாள் நோட்டில் 90 கட்டம் போட்டு எந்தக் கட்டத்தில் எந்த இடம் என்று எழுது. கட்டம் நிரம்பாமல் படப்பிடிப்புக்குத் தேதி குறிக்காதே. இரண்டாவது சரணத்துக்கு முன் வருகிற நாலு பார் மௌனத்தில் சுவரைத் தவிர எதையும் வைக்காதே.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 பிரேம் வைத்து எடுத்தால் தெருவிளக்கும் கடை டியூப்லைட்டும் படத்தில் துடிக்கலாம். 25 பிரேம், ஷட்டர் 1/50 வைத்துக்கொள். ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலைப் பற்றிக் கவலைப்படாதே. அங்கே பதிவாகும் சத்தம் எதுவும் உனக்கு வேண்டியதில்லை. பாட்டை ஸ்பீக்கரில் போட்டால் கூட்டம் கூடும். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடு. மெதுவாக நகரும் ஊருக்குள் உதடு மட்டும் சரியாகப் பாட வேண்டுமென்றால், பாட்டை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டு 50 பிரேமில் எடுத்து, 25இல் ஓட்டு.

ட்ரோனை மற. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இந்தப் பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை தரைமட்டத்திலிருந்தே முன் அனுமதி வேண்டும். கல்யாண வீடியோக்காரர்கள் பறக்கவிடுகிறார்களே என்று கேட்காதே. நாலடிக்கு மேல் நமக்கு வேலையும் இல்லை.

பள்ளிக்கரணையும் வேண்டாம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. உள்ளே வனத்துறைக்குச் சொந்தம். அங்கே அஸ்தமனம் எடுத்தவர்கள் எண்ணிக்கையில் நாரைகளைவிட அதிகம். பல்லாவரத்துக் கல்குவாரிக் குளங்களுக்கு வீம்புக்குக்கூடப் போகாதே. ஆழம் தெரியாமல் இறங்கி உயிர்விட்ட பிள்ளைகள் உண்டு. பொருள் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போ. தண்ணீர் புகுந்து செத்த டி.வி., பழைய டேப் ரிக்கார்டர், கால் உடைந்த நாற்காலி, எல்லாம் அங்கே தரையில் கிடக்கும். விற்கிறவரிடம் கேட்டுவிட்டு அங்கேயே ஒரு ஷாட்டும் எடுக்கலாம். வீட்டுச் சாமான் தெருவில் பரப்பிக் கிடக்கிற அந்தக் காட்சியை 2015இல் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

செயற்கை மழைக்கு வைத்திருக்கும் பணத்தைச் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் மாற்று. ஐப்பசி மழைக்கும் காத்திருக்காதே. கத்திரி வெயிலில் எடு. வெள்ளத்தைப் பற்றிய பாட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெரியக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். நீ ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் யோசி. காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிட்டால் வெயிலும் தொல்லையில்லை. ரயில்வே இடத்துக்குத் தெற்கு ரயில்வேயிடம் தனியாக அனுமதி வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வெளித்தெருவிலிருந்து தெரிகிற படிக்கட்டு போதும். தெருவுக்குக் காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து வைத்துக்கொள். அக்கம்பக்கத்து வீடுகளின் கறையையும் எடுப்பதாக இருந்தால் முதலில் பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டுக் கேள். வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள், விட்டுவிடு.

கடைசியாக, பெயர்கள். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகையின் அட்டையில் பாடகி தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ இரண்டுக்கும் வரிகள் எழுதிய அறிவு அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. பெரிய இடத்தில் நடந்தால் தட்டிக் கேட்க ஆள் இருக்கிறார்கள். உன் ஆல்பத்தில் பறை வாசித்த பையனுக்காக யார் கேட்பார்கள்? சுவரெழுத்து ஓவியர் பெயர் வரை வீடியோவின் கீழே போடு.

இன்னும் ஒன்று. உன் தோழி அட்டையை இலவசமாக வடிவமைத்துத் தருகிறாள் என்றாய். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொதுவாகக் காசு கொடுத்தவரே உரிமையாளர். நட்புக்காகச் செய்தது செய்தவருக்கே சொந்தம். உனக்கு எழுதித் தந்தாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். உன் பாட்டையோ டொராண்டோவிலும் கேட்பார்கள். அதனால் ஒரு தொகை பேசு, சின்னதாக இருந்தாலும் சரி. எத்தனை வருஷம், எந்தெந்த நாடு, டி-சர்ட்டில் போடலாமா என்பதையெல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தாளை நான் டைப் அடித்து அனுப்புகிறேன். தொகையை அவளிடம் நீயே பேசிக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா