தண்ணீர் கொதிக்கையில் பிரிவது எது?

கமலா,

தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்துவிடுகிறதா என்று கேட்டிருந்தாய். பரீட்சைக்கென்றே படிக்கிறவர்களுக்குத் தோன்றாத கேள்வி இது. பிரிவதில்லை, ஆவியும் தண்ணீரே. ஒரு மூலக்கூறுக்குள் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பந்தம் வேறு, அம்மூலக்கூறு தன் அண்டையிலுள்ள மற்றொன்றின்மேல் கொண்டிருக்கும் ஆகர்ஷணம் வேறு. அடுப்பின் உஷ்ணம் வெல்வது இந்த இரண்டாவதைத்தான்.

இந்த ஆகர்ஷணத்தைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் ஹாலந்து தேசத்து வான் டெர் வால்ஸ். தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ஆரம்பப் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, லத்தீனும் கிரேக்கமும் கல்லாத குறையினாலே சர்வகலாசாலைப் பரீட்சைகளுக்கு வெகுகாலம் தகுதியற்றவராக இருந்த அவர், அந்த நிபந்தனை விலகிய பின்னர், 1873-ல் லைடன் நகரில் சமர்ப்பித்த ஆராய்ச்சியிலே, மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டென்றும் அவை ஒன்றையொன்று இழுக்கின்றன என்றும் கொண்டு, வாயுவுக்கும் திரவத்துக்கும் பொதுவாக ஒரே சமன்பாட்டை அமைத்தார். 1910-ல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. விதிகள் எப்பேர்ப்பட்ட மனிதரை வாசலில் நிறுத்திவைக்கின்றன, பார்!

இந்த இழுப்பு எல்லாப் பதார்த்தங்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஹீலியத்தில் அது மிக அற்பம். பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்ந்தாலொழிய, சாதாரண அழுத்தத்தில் அது திரவமாவதில்லை. தண்ணீரின் சங்கதியோ விசித்திரமானது. ஆக்ஸிஜனின் குடும்பத்தைச் சேர்ந்த கந்தகம் ஹைட்ரஜனுடன் கூடுவதால் உண்டாகும், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, தண்ணீரைவிடக் கனத்த மூலக்கூறுகளைக் கொண்டிருந்தும், பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இலேசான தண்ணீரோ 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. ஆக்ஸிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் மிகுதியாக இழுத்துக்கொள்வதால், ஹைட்ரஜன் முனை சிறிது நேர்மின் தன்மை பெற்று, அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் இந்தப் பிடி, உள்ளிருக்கும் பந்தத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வலிமையே உடையது. ஆயினும், உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே பற்றி நின்று, நடுவே இடைவெளி விட்டு அடுக்கடுக்காக அமையும்படி செய்வதும் அதுவே; அதனால் பனிக்கட்டி நூற்றுக்கு 9 பங்கு பருத்து, தான் பிறந்த நீரிலேயே மிதக்கிறது. திடமாகும்போது சுருங்குவதே பெரும்பாலான பதார்த்தங்களின் இயல்பு.

உன் ரசாயனப் புத்தகத்தில் கொதிநிலை அட்டவணை ஒன்று இருக்கும். மூலக்கூறின் கனத்தையும் கொதிநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வரிசையை மீறுகிறவை எவையென்று கண்டுபிடித்து எனக்கு எழுது, அம்மோனியாவை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் மாமா