பாஸ்போர்ட் பார்த்துப் போடும் சம்பளம்

சம்பளம் குறைவு என்பதைவிட, “ஒரே வேலைக்கு அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?” என்பதுதான் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் பக்கத்துப் பையன்களை அதிகம் சுடுகிறது. எங்கள் பக்கம் என்றால் மேலூருக்குக் கிழக்கே, பெரியாறு கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்தால் ஒரு போகம், வராவிட்டால் அதுவும் இல்லை. 2012-க்குப் பிறகு கிரானைட் குவாரிகளும் மூடிவிட்டன. ஐடிஐ முடித்த பையனுக்குத் திருப்பூர். இல்லையென்றால் தம்மாம், தோஹா, குவைத். நானும் அப்படிப் போனவன்தான். தம்மாமில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, தோஹாவில் ஃபோர்மேனாக இருந்துவிட்டுத் திரும்பினேன். இப்போது ஊரில் யாருக்கு விசா வந்தாலும் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அங்கே நாம் பார்க்கும் வேற்றுமை எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில, அந்த நாட்டுச் சட்டத்திலேயே எழுதியிருப்பவை. போகும் முன்பே தெரிந்துகொள்ளலாம், நம்மால் மாற்ற முடியாது. சில, ஒப்பந்தத்தில் வருபவை. கையெழுத்துப் போடும் முன் பேசிப் பார்க்கலாம். இன்னும் சில, அந்த நாட்டுச் சட்டத்துக்கே விரோதமானவை. அவற்றுக்குப் புகார் கொடுக்கலாம். கேம்பில் ராத்திரிப் பேச்சில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதல் ரகத்துக்காகக் கொதித்துக் கொதித்து, மூன்றாவது ரகத்தில் கைக்கு வரவேண்டிய காசை விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

தம்மாமில் எங்கள் ஸ்டோருக்கு ஒரு சவூதிப் பையன் வேலைக்கு வந்தான். படிப்பு முடித்த கையோடு வந்தவன், வேலை எதுவும் தெரியாது. அவனுக்கு எடுத்துக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைக்காரர் ஒருவர், ஸ்டோரிலேயே தலை நரைத்தவர். பையனின் சம்பளம் அவருடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கேம்பே பொருமியது. ஆனால் அந்தச் சம்பளத்தைக் கம்பெனி பாசத்தால் கொடுக்கவில்லை. சவூதி அரசு 2011-இல் நிதாகாத் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கம்பெனியிலும் இத்தனை விழுக்காடு சவூதிக்காரர்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் புதிய விசா கிடைக்காது. அந்தக் கணக்கில் ஒரு சவூதி முழு ஆளாகச் சேர வேண்டுமானால் அவருக்கு 4,000 ரியாலாவது சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்பது 2021 முதல் விதி. அதற்கு முன் 3,000 ரியால். வெளிநாட்டுக்காரருக்கு அங்கே சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமே கிடையாது. ஓய்வூதியமும் அப்படித்தான். அவர்களுக்குச் சமூகக் காப்பீட்டில் பென்ஷன் சேரும். நமக்காக முதலாளி கட்டுவது தொழில் விபத்துக் காப்பீட்டுக்கான 2 விழுக்காடு மட்டும். வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகையும் அவர்களுக்கு மட்டும்தான்.

இதை அநியாயம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தன் ஊர்ப் பிள்ளைகள் வேலையில்லாமல் நிற்கும்போது எந்த நாடும் அவர்களைத்தான் முதலில் பார்க்கும். மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய் டிக்கெட், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். அதை நம்மில் யார் தப்பு என்று சொன்னோம்? எனக்கு வலித்தது வேறொன்று. 2017 ஜூலையில் சவூதி அரசு குடும்பத்தினர்மீது கட்டணம் போட்டது. தலைக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் 100 கூடி 2020-இல் 400-இல் வந்து நின்றது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட இருந்தால் மாதம் 1,200 ரியால். எங்களோடு இருந்த சூப்பர்வைசர் ஒருவர் மனைவி மக்களை மதுரைக்கு அனுப்பிவிட்டு, வாழ்ந்த வீட்டைக் காலி செய்து எங்கள் கேம்புக்கே வந்து சேர்ந்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு யாரோடும் சிரித்துப் பேசி நான் பார்க்கவில்லை. குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் முன் இந்தக் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள்.

உண்மையான அநியாயம் என்று நான் நினைப்பது, வெளிநாட்டுக்காரர்களுக்குள்ளேயே நடக்கும் பாகுபாடு. உள்ளூர்க்காரருக்கும் நமக்கும் உள்ள இடைவெளிக்காவது ஒரு காரணம் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. ஒரே புராஜெக்ட், ஒரே பதவி, பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருவருக்கு வீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்துக்கே விமான டிக்கெட். மற்றவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு டிக்கெட், அதுவும் அவருக்கு மட்டும். முதலாமவர் கையில் ஐரோப்பிய பாஸ்போர்ட், இரண்டாமவர் மதுரையில் பொறியியல் படித்தவர். எங்கள் சைட்டில் கனடா பாஸ்போர்ட் வாங்கிய தமிழர் ஒருவர் இருந்தார். பிறந்து வளர்ந்தது, படித்தது எல்லாம் தமிழ்நாடு. அவருக்கு வெள்ளைக்காரர் கணக்கில் சம்பளம்! படிப்பையும் திறமையையும் பார்த்துப் போட்ட சம்பளம் இல்லை அது.

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் கங்காணியோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போன காலத்திலும் துரைக்கு ஒரு உலகம், சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கூலியைக் குறைத்தார்கள் என்பதற்காக 1938 ஜூனில் இந்திய அரசே அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் முக்கியமானது சீனருக்குச் சமமான கூலி. துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் இருந்தது. கூலியையும் மரியாதையையும் அவர்கள் சேர்த்தே கேட்டார்கள். வளைகுடாவில் சங்கம் வைத்துக் கேட்க வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வழி மிகக் குறைவு. அதனால் நமக்காகப் பேச வேண்டியது நம் அரசு. பிலிப்பைன்ஸ் அரசு 2006-இலேயே தன் நாட்டு வீட்டுப் பணியாளருக்கு மாதம் 400 டாலருக்குக் குறைந்து சம்பளம் தரக்கூடாது என்று விதித்தது. நம் அரசோ 2020 செப்டம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டி, வளைகுடா வேலைகளுக்கு வைத்திருந்த குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்தது. எதிர்ப்பு கிளம்பி, 2021 ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். அந்த இடைவெளியில் கையெழுத்துப் போட்டுப் போனவர்களின் ஒப்பந்தம் குறைந்த தொகையிலேயே நின்றிருக்கும். சம்பளத்தைக் குறைத்த செய்தி வந்த அன்று எனக்கு வந்த கோபம் எந்த அரபி மேலும் வந்ததில்லை.

சரி, தனி ஆளாக என்ன செய்யலாம்? பேசும் இடம் ஒப்பந்தம்தான். மேற்பார்வைப் பதவிக்கு மேல் போகிறவர்கள், இந்தியாவில் வாங்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லாதீர்கள். அதன்மேல் கொஞ்சம் கூட்டிப் போடத்தான் கேட்கிறார்கள். “இந்தப் பதவிக்கு உங்கள் கம்பெனியில் என்ன கிரேடு, அந்த கிரேடுக்கு என்னென்ன அலவன்ஸ்?” என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். கேட்டதற்காக வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்து யாரும் திரும்பி வரவில்லை.

ஐடிஐ பையன்கள் கவனிக்க வேண்டியது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். கத்தாரில் சர்வீஸ் பணம் (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்பது ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வாரப் பேசிக் சம்பளம். இரண்டு பேர் மொத்தம் 2,000 ரியால் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குப் பேசிக் 1,000, மீதி அலவன்ஸ். மற்றவருக்குப் பேசிக் 1,700. பத்து வருடம் கழித்துக் கணக்கு முடிக்கும்போது முதலாமவருக்கு 7,000 ரியால், இரண்டாமவருக்கு 11,900 ரியால். ஓவர்டைமும் பேசிக் மேல்தான். அமீரகத்திலும் முதல் ஐந்து வருடத்துக்கு, ஆண்டுக்கு 21 நாள் பேசிக் என்று கணக்கு. ஏஜெண்டு மொத்தத் தொகையை மட்டும்தான் சொல்லுவார். பேசிக் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

ஏஜெண்டு என்றதும் இன்னொன்று. பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அது விசாவை விற்பது. ‘ஃப்ரீ விசா’ என்று சொல்லி விற்பது இன்னும் மோசம். போய் இறங்கினால் விசா கொடுத்த கபீல் ஒருவர், வேலை கொடுப்பவர் வேறொருவர். எந்தச் சட்டமும் உங்களுக்குத் துணை நிற்காது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை) என்ற குறிப்பு இருக்கும். அவர்களுடைய ஒப்பந்தம் நம் அரசின் இமைகிரேட் தளத்தில் ஏற வேண்டும். 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே காத்திருக்கப் பொறுமை வேண்டும், ஆனால் ஏமாற்று இல்லை.

இமைகிரேட்டில் ஏறிய ஒப்பந்தத்தின் நகல் ஒன்று உங்கள் போனில், ஒன்று வீட்டில். அங்கே இறங்கிய பிறகு குறைந்த சம்பளத்தில் வேறொரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது இன்னும் நடக்கிறது. அந்தத் தாள் அரபியில் இருக்கும். சவூதியில் வழக்கு என்று வந்தால் அரபி வாசகம்தான் செல்லும். அதனால் போனில் படமெடுத்து, அரபி தெரிந்த மலையாளியிடமோ பழைய ஆளிடமோ காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இனி அந்த மூன்றாவது ரகம். உள்ளூர்க்காரரிடம் யாரும் செய்யத் துணியாததை, நம்மிடம் மட்டும் செய்வார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பது, இக்காமா (குடியிருப்பு அனுமதி) கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிப்பது, ஓவர்டைமை விழுங்குவது. இவை எதுவும் அந்த நாட்டு வழக்கம் இல்லை, அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம் அல்லது விதிமீறல். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவு, விசா, இக்காமா, அதன் புதுப்பிப்பு, தாமத அபராதம், வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளி செலவு என்று தெளிவாகச் சொல்கிறது. கத்தாரில் 2021 மார்ச் முதல் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் குறைந்தபட்சப் பேசிக் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அதற்கு மேல் 500-ம் 300-ம். அங்கே ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3:30 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. நான் ஃபோர்மேனாக இருந்தபோது இந்த நேரத்தைக் கம்பெனியிடம் பிடிவாதமாகக் காப்பாற்றினேன். வெயில் அடித்து விழுந்தவனை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்த மேனேஜர் சத்தம் போட்டாலும் காதில் ஏறாது.

தங்குமிடத்தையும் இதில் சேர்க்கிறேன். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து இறந்த இந்தியர்கள் குறைந்தது 45 பேர். அதில் ஏழு பேர் தமிழர்கள். மேனேஜர்கள் அப்படி ஒரு கட்டடத்தில் அடைந்து படுப்பதில்லை. புது கேம்புக்குப் போனால் முதல் நாளே படிக்கட்டுக் கதவும் மாடிக் கதவும் பூட்டாமல் இருக்கின்றனவா, அறையைத் தடுக்கப் பலகை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். படமெடுத்து வையுங்கள்.

புகார் கொடுக்க முடிவு செய்தால் ஒரு விஷயத்தில் மிக எச்சரிக்கை. வேலையை நிறுத்திவிட்டோ கேம்பை விட்டு வெளியேறிவிட்டோ கொடுக்காதீர்கள். அந்த நிமிடமே ‘ஹுரூப்’, அதாவது ஆள் ஓடிவிட்டான் என்று கபீல் பதிவு செய்துவிடுவார். அதன்பின் வாதி நீங்கள் இல்லை, பிரதிவாதி ஆகிவிடுவீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே கொடுங்கள். சவூதியில் முதலில் சமரசப் பிரிவு. 21 வேலை நாளில் முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். சம்பளம் வங்கியில் ஏறிய விவரம், டைம் ஷீட்டின் படம், ஃபோர்மேன் வாட்ஸாப்பில் அனுப்பிய வேலை உத்தரவு எல்லாம் சாட்சிதான். நம் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள்; வழக்கறிஞர் உதவிக்கும் டிக்கெட்டுக்கும் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் 2009 முதல் இருக்கிறது, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

என்னைப் பார்க்க வந்த ஒரு தம்பி, “அண்ணே, ஃபைனல் எக்ஸிட் அடிச்சு வந்துட்டேன், இனி என்ன கெடைக்கப் போகுது” என்றான். அவனுடைய சர்வீஸ் பணம் அப்படியே நின்றிருக்கிறது. சவூதியில் வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவர் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, நம் வெளியுறவுத் துறையிடம் சான்று வாங்கி அனுப்பினால் இங்கிருந்தபடியே நடத்தலாம். அவனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஒப்பந்தம், இக்காமா நகல், வங்கிக் கணக்கு விவரம், எக்ஸிட் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.