அடைக்கலம்

அடைக்கலம் என்னும் சொல் இரு பொருள் தருவது. புகலிடமும் அடைக்கலம்; காக்குமாறு ஒருவர் கையில் ஒப்புவிக்கப்பட்டதும் அடைக்கலம். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் போற்றிய அடைக்கல மாதாவின் திருப்பெயரில் நாம் முன்னதை உணர்கின்றோம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்புவித்தது பின்னதற்குச் சான்று.

இவ்விரண்டையும் ஒருங்கே விளக்கவல்லது நம் காலத்து நிகழ்ச்சியொன்று. சிவகங்கைச் சீமையில் தோன்றிய சேசு சபைக் குரு அலெக்சிஸ் பிரேம்குமார், தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளுக்குத் தொண்டாற்றியவர். பின்னர் ஆப்கானிஸ்தானம் சென்று, அகதிகளாயிருந்து தாயகம் மீண்டோரின் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்க உழைத்தார். 2014ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஹெராத் பகுதிச் சிற்றூரொன்றில் பள்ளியைப் பார்வையிட்டு மீளுங்கால், ஆயுதந் தாங்கியோர் அவரைக் கடத்திச் சென்றனர்.

திருச்சபையார் செய்தது யாது? பகைமை பேசினாரல்லர், இறைவனிடம் மன்றாடினர், அரசினரிடம் விண்ணப்பித்தனர். எட்டுத் திங்களுக்கு மேல் கடந்தபின், இந்திய அரசின் முயற்சியால், 2015 பிப்ரவரி 22இல் அவர் விடுதலை பெற்றார்.

மன்றாடுதலாவது ஒருவரை இறைவன் கையில் அடைக்கலமாக வைத்தல். அஃது அறத்தின் ஒரு பாதியே. அவர் யாவர்பொருட்டுத் துன்புற்றாரோ அவர்களை நாம் அடைக்கலமாக ஏற்றல் மறு பாதி. பெரம்பலூர்த் துறைமங்கலத்திலும் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. சேய்மைச் சிறையிலிருப்பவருக்காகக் கண்ணீர் விடும் நாம், அண்மையிலுள்ள அம்முகாமின் வாயிலை வாளா கடந்து செல்வோமாயின், நம் மன்றாட்டு நிறைவுடையதாகுமோ? கண்ணகியை ஏற்ற மாதரி செல்வமுடையாளல்லள். மோர் விற்ற ஆயர் முதுமகளே. ஆதலின் எளியேம் என்று நாம் ஒதுங்குதற்கு இடமில்லை.